ஜட்ஜ் வீட்டுச் சமையல் மேடை

அந்தக் கல் கிடங்கில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜட்ஜ் என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். கேலி என்று அவருக்கு உறைத்ததே இல்லை, பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். உத்தியோகம் என்னவோ விற்பனையாளர்தான். வருகிறவர்களைக் கூட்டிப்போய் ஸ்லாப் என்கிற முழுக் கற்பலகைகளைக் காட்ட வேண்டும், சமையல் மேடைக்கு எந்தக் கல் பொருந்தும் என்று கேட்டால் சொல்ல வேண்டும், அளவெடுக்க ஆள் அனுப்ப வேண்டும். இதில் தீர்ப்புச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரையாவது மட்டம் தட்டாமல் அவர் கல் விற்றதை யாரும் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் வந்த தம்பதியையே எடுத்துக்கொள்வோம். கணவர் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். மனைவி கைப்பேசியில் நாற்பது சமையலறைப் படங்களைச் சேர்த்து வைத்திருந்தார்.

"கப்போர்டு எல்லாம் டார்க் பிரவுன் சார். கிட்டத்தட்ட கருப்புன்னே சொல்லலாம்" என்றார் கணவர். "அதுக்கு மேட்ச்சா கருப்புக் கல்லே போட்டுடலாம்னு பாக்கறோம்."

ஜட்ஜ் அவரை மேலிருந்து கீழாக ஒரு முறை அளந்தார்.

"அங்க சமைக்கப் போறீங்களா, இருட்டறையில போட்டோ கழுவப் போறீங்களா?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவரின் சாவி நின்றது.

"இல்ல, கேக்கறேன். கருப்புக் கப்போர்டு. அதுக்கு மேல கருப்புக் கல்லு. கத்தியக் கீழ வெச்சீங்கன்னா அப்புறம் டார்ச் அடிச்சுத்தான் தேடணும்."

"அப்ப வெள்ளை?" என்றார் மனைவி.

"தாராளமாப் போடுங்க. பியானோ மாதிரி இருக்கும். வாசிக்கத் தெரியுமா?"

இப்படி இரண்டு பேரையும் வாயடைக்க வைத்த பிறகுதான் அவர் வழக்கமான பாடத்துக்கு வருவார். "நான் சொல்றத ஒழுங்கா கேளுங்க. வீட்டுக்குப் போயி ஒரு கப்போர்டு கதவோட ஸ்க்ரூவக் கழட்டுங்க. கதவ இங்க எடுத்துட்டு வாங்க. வெளிச்சத்துல முழு ஸ்லாப் மேல சாய்ச்சு வெச்சுப் பாருங்க. உள்ளங்கை சைஸ் சாம்பிள் துண்ட வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் டியூப்லைட்ல பாக்கறதெல்லாம் ஆகாத வேலை. ஆளப் பாக்கப் போயிட்டு அவரு நகத்த மட்டும் பாத்துட்டு வர்ற மாதிரி."

எரிச்சலூட்டும் விஷயம், அவர் சொன்னது சரி என்பதுதான். சின்னத் துண்டில் அழகாகத் தெரியும் கோடு, பத்தடி நீளத்தில் ஓடும்போது விரிசல் விட்டது போல இருக்கும். அடர்ந்த நிறக் கப்போர்டு பக்கத்தில் இருந்தால் சாம்பல் நிறம் நீலம் காட்டும், வெள்ளை மஞ்சளடிக்கும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தத் தம்பதியும் வாங்கிக் கட்டிக்கொண்டு போய், மறுநாள் கதவோடு வந்து நின்றார்கள். வெளிர் சாம்பலில் லேசாக வெள்ளை கலந்த ஒரு கல்லை எடுத்துக்கொண்டு, மூன்று முறை நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். திட்டு வாங்கினால்தான் சரக்கு தரமானது என்று நம்புகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். இந்த ரகசியம் தெரிந்துதான் முதலாளியம்மாவும் அவர் வாயைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்.

அவருக்கு யாரைத்தான் பிடிக்கும்? படம் காட்டி இதே மாதிரி வேண்டும் என்பவர்களைப் பிடிக்காது. குடும்பத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆளுக்கு ஒரு கல்லைக் காட்டுகிறவர்களைப் பிடிக்காது. கறை படியுமா, கறை படியுமா என்று கேட்கிறவர்களிடம், "சாப்பாட்ட வெளியில வாங்கிச் சாப்பிடுங்க, படியாது" என்பார். எல்லாரையும்விட அவருக்கு ஆகாதவர்கள் வந்த வேகத்தில் ஒன்றைத் தொட்டு 'இது போதும்' என்கிறவர்கள். அவர்களைப் பார்த்தால் எரிந்து விழுவார். கற்களையும் விட்டுவைக்கவில்லை. கிடங்கில் ஒவ்வொரு ரகத்துக்கும் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, அவர் வைத்த பெயர் ஒன்று. சிவப்புப் புள்ளிக் கல்லுக்குக் கொசுக்கடி. பச்சைக்குப் பாசிக்குளம். வெளிர் மஞ்சளில் பழுப்புத் தூறல் விழுந்த மலிவான ஒரு கல் உண்டு, அதற்குச் 'சிந்தின டீ'. அதைக் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பெயரைக் கேட்டதுமே வேறு கல்லுக்கு மாறியிருக்கிறார்கள்.

இத்தனை ரசனையும் பிறவியிலேயே வந்தது என்று அவர் நம்பினார். பொய். இருபத்தெட்டு வயதில் அவர் அங்கே சேர்ந்தபோது கொடுக்கப்பட்ட வேலை, கையில் பைப்பை வைத்துக்கொண்டு கல் மேல் தண்ணீர் அடிப்பது. தூசி படிந்த ஸ்லாப் நனைந்தால்தான் நிறம் தெரியும். விற்பனையாளர் விரல் காட்டும் கல்லுக்குத் தண்ணீர் அடித்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் விற்பனையாளருக்குப் பல்வலி. வந்திருந்த அம்மாள் ரோஸ் நிறக் கல் ஒன்றின் முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பைப்போடு நின்ற இவர், என்ன தோன்றியதோ, "இதப் போட்டா வீடு பல் டாக்டர் கிளினிக் மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டார். பல்வலி பற்றியே காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததால் வாயில் வந்த வார்த்தை. அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. வேலை போயிற்று என்று இவர் நினைத்த நேரத்தில் அவர் கேட்டார்: "அப்ப எது போடலாம், நீங்களே சொல்லுங்களேன்?"

அதுவரை அவரிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் படிக்க வேண்டிய பள்ளியை அப்பா முடிவு செய்தார். போட வேண்டிய சட்டையை அண்ணன் போட்டுக் கழித்துக் கொடுத்தார். எது வேண்டும் என்று ஒரு ஜீவன் தன்னிடம் கேட்டதும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. கைக்கு எட்டிய கல்லைக் காட்டினார். அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு அவரிடம் ரசனை கிடையாது, வாய் மட்டும்தான் இருந்தது. ரசனை பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துப் போனால் போகிறதென்று வந்து ஒட்டிக்கொண்டது.

இவ்வளவு பெரிய ஜட்ஜ் வீட்டுச் சமையலறைக்கு ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

பழைய கப்போர்டுகளைக் கரையான் தின்றுவிட்டதால் எட்டு மாதத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாகச் செய்தார்கள். நிறத்தை முடிவு செய்தது அவர்தான். காய்ந்த பேரீச்சம்பழ நிறம். "இந்தக் கலருக்குச் சரியா ஒரு கல்லப் போட்டா, பாக்கறவன் வாயப் பொளக்கணும்" என்றார். அந்தச் சரியான கல் வரும்வரை இருக்கட்டும் என்று தச்சர் மேலே ஒரு பிளைவுட் பலகையை வைத்து நாலு ஆணி அடித்துவிட்டு, "ரெண்டே நாளுக்குத்தான் சார் இது" என்று சொல்லிப் போனார். எட்டு மாதம் ஆயிற்று. சிங்க்கைச் சுற்றிப் பலகை ஊறி அப்பளமாய்ப் பொங்கிவிட்டது. மனைவி அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டினார். விரிப்பு கிழிந்த இடத்தில் பழுப்பு டேப்பை ஒட்டினார். டேப் உரிந்த இடத்தில் வேறு டேப்பை ஒட்டினார். அதன் மேல்தான் அடுப்பு, அதன் மேல்தான் அந்த வீட்டின் அத்தனை சமையலும்.

கதவுக்குப் பின்னால் முப்பத்தோரு சாம்பிள் துண்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு வாரமும் ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவருவார். பலகை மேல் வைப்பார், கப்போர்டின் மேல் சாய்ப்பார், தண்ணீர் தொட்டுத் தடவுவார், கண்ணைச் சுருக்குவார், ஓரடி பின்னால் போவார். கிடங்கில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் எதைச் செய்யாதே என்று இருபது வருடமாக அடித்துச் சொல்கிறாரோ, அதையே தன் வீட்டில் வாரா வாரம் செய்துகொண்டிருந்தார். அது அவர் புத்தியில் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. தனக்கு உள்ளங்கைத் துண்டே போதும், மற்றவர்களுக்குத்தான் கண் பற்றாது என்பது அவர் கணக்கு.

"இது எப்படிங்க இருக்கு?" என்று மனைவி கேட்பார். ஆரம்பத்தில் வாரா வாரம் கேட்டார். மருந்துக் கடை வேலை முடிந்து வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்பார். "நல்லாத்தான இருக்கு, இதையே போட்டுடலாமே?"

"உனக்கு எதுதான் நல்லா இல்ல?" என்பார் அவர். ஒன்றில் கோடு முரடு. ஒன்றில் கோடே இல்லை, பிணத்தின் முகம் போல இருக்கிறது. ஒன்று காலையில் சரியாக இருந்து சாயங்காலம் ஊதா காட்டுகிறது. ஒன்று அப்பழுக்கில்லாத சாம்பல்தான், ஆனால் போன வாரம் அதை ஒரு மடையனுக்கு விற்றுத் தொலைத்துவிட்டார். மடையன் வீட்டில் இருக்கும் கல் தன் வீட்டிலும் இருக்கலாமா?

உண்மை வேறு. அதை அவர் சொல்ல மாட்டார் என்பதால் நாம் சொல்லிவிடுவோம். பயம். அடுத்தவன் வீட்டு மேடை எக்கேடு கெட்டாலும் அவர் போய்ப் பார்க்கப் போவதில்லை. சொந்த வீட்டில் போட்ட கல் கண்ணெதிரிலேயே கிடக்கும். நாலு பேர் வந்து பார்ப்பார்கள். அவர் ஊரார் கல்லைப் பார்த்துச் சொன்னதில் பத்தில் ஒரு பங்கை யாராவது அவர் கல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டால்? கல் போடாத வரைக்கும் அவர் பெரிய மனிதர். போட்டுவிட்டால் அவரும் சமையலறைக்குக் கல் வாங்கிய ஒரு ஆள். இந்த வீராதி வீரர் தன் பயத்தை மூடி வைக்க மனைவியின் எட்டு மாதத்தை எடுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்க் பக்கத்துப் பலகை உள்ளே இறங்கிப் பாத்திரம் சரிந்து கண்ணாடி டம்ளர்கள் இரண்டு உடைந்தன. மனைவி குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபமில்லை. அதுதான் அவருக்கு நெருடியது.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்" என்றார் மனைவி. "அதுக்குள்ள கல்லு வந்தா சரி. வரலன்னா இனிமே உங்ககிட்ட கேக்க மாட்டேன்."

"கேக்காட்டி போயேன். நல்லதாப் போச்சு, காது குளிரும்" என்று சிரித்தார் அவர்.

சிரித்தாரே தவிர, அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கல் விற்கும் இடத்தில் ஆயிரம் பேர் அவரிடம் கேட்பார்கள். கேட்டவர்கள் வண்டி ஏறியதும் அவரை மறந்துவிடுவார்கள். இருபத்து நாலு வருடமாக ஒரு காரியமும் இல்லாமல், எந்தப் புடவை கட்டட்டும், ஜன்னலுக்கு எந்தத் துணி வாங்கட்டும், இது எப்படிங்க இருக்கு என்று அவரிடம் வந்து கேட்ட ஒரே ஆள் மனைவிதான். கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாரே ஒழிய, அந்தக் கேள்வி இல்லாவிட்டால் தான் வெறும் ஆள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். மாதம் முடிய இருபது நாள் இருந்தது. மனைவி மறுபடியும் கேட்கும்படி அவர் ஒரே ஒரு கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தால் போதும்.

முயற்சி செய்யவில்லை என்று பழி போட முடியாது. அடுத்த வாரமே ஒரு ஸ்லாப் வந்து இறங்கியது. மங்கிய சாம்பல், புகை போல மெல்லிய வெள்ளைக் கோடு. இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் சாக்பீஸ் எடுத்து, யாருக்கும் விற்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக அதன் ஓரத்தில் பெரிய பெருக்கல் குறி போட்டார். கிடங்கே வேடிக்கை பார்த்தது. கல் அறுக்கும் மெஷினில் நிற்பவர், எல்லாரும் கட்டர் என்று கூப்பிடுகிறவர், மெஷினையே நிறுத்திவிட்டு வந்தார்.

"அண்ணே, நெஜமாவா? மாலை வாங்கட்டுமா?"

"உன் வேலையப் பாருய்யா" என்றார் ஜட்ஜ். முகத்தில் பூரிப்பு வழிந்தது.

இருபதாம் நாள் காலை, மாதத்தின் கடைசி நாள், கல்லை அறுப்பதற்கு ஏற்றும் முன்னால் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று தண்ணீர் அடித்தார். வலது பக்கத்தில், மிளகளவில், துருப்பிடித்த மாதிரி ஒரு புள்ளி. கட்டரும் குனிந்து பார்த்தார்.

"அட, அது சிங்க்குக்கு ஓட்டை போடற எடத்துல போயிடும்ணே. வெட்டிக் கீழ போடப் போற துண்டு அது."

"போகும். ஆனா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியுமில்ல?"

ஜட்ஜ் கைக்குட்டையை நனைத்துப் பெருக்கல் குறியைத் துடைத்தார். நல்லவேளை தப்பித்தோம் என்று அவர் விட்ட பெருமூச்சு மூன்று ஸ்லாப் தள்ளிக் கேட்டது. மத்தியானமே அந்தக் கல்லை ஒரு மாப்பிள்ளையும் மாமனாரும் சேர்ந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களிடம் அதைப் பற்றி ஆகா ஓகோ என்று பேசி விற்றதும் அவர்தான்.

வீட்டுக்குப் போனார். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. புது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அவராகவே முப்பத்திரண்டாவது துண்டை எடுத்துப் பலகையில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பார்த்தார். மனைவி அந்தத் துண்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்தில் தட்டை வைத்தார். வாய் சும்மா இருந்தால் யாருக்குத்தான் நிம்மதி இல்லை, தானாக வழிக்கு வந்துவிட்டாள் என்று மனுஷர் நினைத்துக்கொண்டார். இந்த மாதிரி ஆட்களுக்குத் தோல்வி வந்து கதவைத் தட்டினால்கூட மாலையோடு யாரோ வந்திருப்பதாகத்தான் தோன்றும்.

அதற்கடுத்த வாரம் முதலாளியம்மா அவரைத் துறைமுகத்துக்கு அனுப்பினார். கப்பலில் வந்திறங்கும் கற்களில் உடைந்தது, கோணலானது எல்லாவற்றையும் கழித்துவிட்டு வரும் வேலை. கழிப்பதில் அவருக்கு நிகர் ஏது? இரண்டு நாள் வயிறு நிறையக் கழித்துவிட்டு, மூன்றாம் நாள் சாயங்காலம் நேராகக் கிடங்குக்கு வந்தார். வாசலில் நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. லாரியில் சுமை ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவரைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டர் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, வீட்டுக்குப் போகலியா இன்னும்?"

"போகணும். ஏன்?"

"இல்ல… அண்ணி வந்திருந்தாங்க. நீங்க கெளம்பின அன்னிக்கே."

"எங்க? இங்கயா? எதுக்கு?"

"கல்லு வாங்கத்தான் அண்ணே. இங்க வேற என்ன விக்கறோம்?"

கட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னார். அண்ணி ஆட்டோவில் வந்து இறங்கினாராம். கையில் பெரிய துணிப்பை. பையில் என்ன என்றால், சமையலறைக் கப்போர்டின் டிராயர். டிராயரையே உருவி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதை வெயிலில் ஸ்லாப் ஸ்லாப்பாகச் சாய்த்து வைத்து, தள்ளி நின்று பார்த்திருக்கிறார்.

"டிராயரா? யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான அண்ணே தெனமும் தொண்டை கிழியக் கத்தறீங்க? வீட்டுலயும் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எவ்வளவு நேரம் பாத்தா?"

"பத்து நிமிஷம் இருக்கும். அதுல அஞ்சு நிமிஷம் டீ குடிச்சாங்க."

வந்த வேகத்தில் ஒன்றைத் தொட்டு இது போதும் என்கிறவர்களைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் நமக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் தன் வீட்டிலேயே இருபத்து நாலு வருடமாக இருந்திருக்கிறார்.

"என்ன கல்லு?" என்றார். குரல் எழும்பவில்லை.

கட்டர் பின்னால் திரும்பி, வரிசையின் கடைசியில் பாதி காலியாக இருந்த, கல் சாய்த்து வைக்கும் தாங்கியைக் காட்டினார்.

"சிந்தின டீயா?"

"அதேதான். நானே சொன்னேன்ணே, அண்ணனுக்கு இதக் கண்டாலே ஆகாது அண்ணின்னு. அதுக்கு அவங்க, 'அவரு கொற சொல்லாத கல்லு இங்க எது இருக்கு, காட்டுங்க'ன்னாங்க. நான் என்னத்தக் காட்டறது? ஒண்ணுமே இல்லியே. 'அப்ப எனக்குப் புடிச்சதக் குடுங்க'ன்னுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நேத்து சாயங்காலம் போட்டு முடிச்சாச்சு. நானேதான் வந்து போட்டேன்" என்றார்.

கிடங்கில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. முதலாளியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் துறைமுகத்துக்கு அனுப்பினாரோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே ஒரு நம்பிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கல் கேவலமாக இருக்கும். காய்ந்த பேரீச்சம்பழக் கப்போர்டுக்கு மேல் டீ கொட்டிய மாதிரி, கண்ணால் பார்க்க முடியாதபடி இருக்கும். ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், பெரிய மனதோடு, "பரவால்ல விடு, மாத்திக்கலாம்" என்பார். மனைவி கண் கலங்கி, "அப்ப எது போடலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்பார். கேட்க வேண்டும்.

சமையலறை வாசலில் நின்றார்.

நன்றாக இருந்தது. சாதாரணமாக நன்றாக இருந்தது என்று சொன்னால் போதாது. ஜன்னல் வழியாக வந்த சாயங்கால வெளிச்சம் வெளிர் மஞ்சள் கல்லில் விழுந்து சுவர் வரைக்கும் ஏறியிருந்தது. கீழே கப்போர்டுகள், அவரே நிறம் சொல்லிச் செய்துவிட்டு எட்டு மாதமாக இருட்டு இருட்டு என்று முனகிக்கொண்டிருந்த கப்போர்டுகள், அந்த வெளிச்சத்தில் கனிந்து நின்றன. அந்த மரத்தில் செம்பழுப்பாக ஒரு ரேகை ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தார். கல்லில் இருந்த தூறல் அதே நிறம். அந்த ரேகையை வெளியே கொண்டுவரத் தெரிந்த கல் கிடங்கில் அது ஒன்றுதான். அதற்குத்தான் அவர் இருபது வருடமாகப் பெயர் வைத்துக் கேவலப்படுத்திக்கொண்டிருந்தார்.

மனைவி அடுப்பு துடைத்துக்கொண்டிருந்தார். "வந்துட்டீங்களா? டீ போடட்டா?" என்றார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்படி இருக்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்க முயன்றதாகவும் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்று மனைவிக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

அப்போதாவது நல்ல வார்த்தை ஒன்று சொல்லியிருக்கலாம். 'நல்லா இருக்கு' என்பதற்கு எவ்வளவு மூச்சு செலவாகும்? இந்த ஜன்மத்துக்கு அது வரவில்லை. இணைப்பு விழுந்த இடத்தில் நகத்தை ஓட்டினார். நகம் எங்கும் தட்டவில்லை. ஓரத்துப் பாலிஷைக் கன்னம் உரசக் குனிந்து பார்த்தார். சிங்க்கைச் சுற்றிப் பூசிய பசையை மோந்துகூடப் பார்த்தார். கட்டர், பாவி, ஒரு பிழை வைக்கவில்லை. தேடிக்கொண்டே ஜன்னல் பக்கத்துக் கோடிக்குப் போனவருக்கு அங்கே கிடைத்துவிட்டது. கடைசிக் கப்போர்டு முடிந்த பிறகும் கல் முடியவில்லை. ஒன்றரைச் சாண் தாண்டி, அடியில் ஒன்றும் இல்லாமல், சுவரில் அடித்த ஒரு இரும்புத் தாங்கியின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு உயிர் வந்தது.

"இந்தா, இதப் பாரு" என்றார். பழைய குரல் திரும்பிவிட்டது. "அளவெடுத்தவன் எவன்? கப்போர்டு எங்க முடியுது, கல்லு எங்க முடியுது? இதுக்குத்தான் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுச் செய்யணுங்கறது. நாளைக்கே கட்டரக் கூப்பிட்டு இத அறுத்துத் தள்ளச் சொல்றேன்."

"அது தப்பில்லங்க" என்றார் மனைவி. "நான்தான் விடச் சொன்னேன்."

"எதுக்கு?"

மனைவி கூடத்திலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தார். நீட்டிக்கொண்டிருந்த கல்லுக்கு முன்னால் போட்டார். ஒரு கையைக் கல்லில் ஊன்றி, மெதுவாக உட்கார்ந்தார். கல்லுக்கு அடியில் முழங்கால்கள் இடிக்காமல் உள்ளே போயின. வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

"முட்டி தாங்க மாட்டேங்குது. ரெண்டு வருஷமா உக்காந்துதான் நறுக்கறேன். பழைய மேடையானாலும் பலகையானாலும் அடியில காலு உள்ள போகாது, இடுப்பத் திருப்பிக்கிட்டு உக்காரணும்."

"ரெண்டு வருஷமாவா? இங்கயா?"

"வேற எங்க? இந்த எட்டு மாசமும் நீங்க அங்க நின்னு சாம்பிள் பாத்துக்கிட்டு இருப்பீங்க, நான் இங்க உக்காந்திருப்பேன்."

அவர் நினைவுபடுத்திப் பார்த்தார். ஒவ்வொரு துண்டின் குறையும் வரிசையாக நினைவுக்கு வந்தது. எது ஊதா காட்டியது, எதில் கோடு முரடு, எதில் மூலை உடைந்திருந்தது, எல்லாம் வந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இடுப்பைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது வரவில்லை. எவ்வளவு கண்ணைச் சுருக்கினாலும் வரவில்லை. ஏதாவது கேட்டாக வேண்டும் போல இருந்தது. அந்த வீட்டில் அவர் கேட்டுப் பழக்கமில்லை.

"எந்தக் காலு?" என்றார் கடைசியில்.

மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தியும் நிற்கவில்லை.

"ரெண்டே ரெண்டுதான் இருக்கு. நீங்களே பாத்து ஒண்ணு செலக்ட் பண்ணுங்க."